பொழுது இருக்கும்போதே வா

அன்புள்ள தர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. இங்கே முதுகைத் தவிர மற்றதெல்லாம் நலம். டப்ளினில் நீயும் மாப்பிள்ளையும் குளிருக்குப் பழகியிருப்பீர்கள். போனில் கேட்டால் நீ உடனே பதில் சொல்ல வேண்டியிருக்கும், அதனால் எழுதுகிறேன்.

போன வாரம் மாடியில் குடியிருக்கும் கிரேஸ் என்னைச் சென்னைக்கு அழைத்துப்போய் முதுகெலும்பு டாக்டரிடம் காட்டினாள். வயதினால் எலும்பு தேய்ந்து, முதுகு பக்கவாட்டில் வளைந்து முன்னாலும் சாய்ந்துவிட்டதாம். இரண்டு வழி சொன்னார். சிறிய துளை போட்டு நரம்பின் அழுத்தத்தை மட்டும் எடுப்பது ஒன்று. ரத்தச் சேதம் குறைவு, சீக்கிரம் வீடு திரும்பலாம், கால்வலி தீரும், ஆனால் கூன் அப்படியே இருக்கும். மற்றது, முதுகை நீளமாகத் திறந்து கம்பியும் திருகும் வைத்து நிமிர்த்துவது. என் வயதில் ஆபத்து அதிகம், தேறி வர மாதக்கணக்கில் ஆகும், உடன் ஒருவர் இருந்தே ஆகவேண்டும். என் உடம்பு இரண்டையும் தாங்கும் என்று சொல்லி முடிவை என்னிடமே விட்டுவிட்டார். வீட்டில் யார் பார்த்துக்கொள்வார்கள் என்று கேட்டார். சின்னதே போதும் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் கிரேஸ், "பொண்ணு இருக்குது டாக்டர், கூப்ட்டா ஓடி வரும். இவருதான் கூப்டமாட்டாரு, வாயில பூட்டு" என்றுவிட்டாள்.

நம் சமண வழக்கப்படி இருட்டிய பிறகு வீட்டில் சாப்பிடுவதில்லை, உன் அம்மா இருந்தவரை பொழுது சாய்வதற்குள் பரிமாறிவிடுவாள். இப்போது அடுப்படியில் கொஞ்சம் நின்றாலே உட்கார வேண்டியிருக்கிறது, சோறு வேகும்போது பல நாள் இருட்டிவிடுகிறது, மூடி வைத்துவிட்டுப் படுத்துவிடுகிறேன். "சூரியன் போனா என்ன சார், டியூப்லைட் எரியுதே" என்று கிரேஸ் கேலி செய்கிறாள். திருப்பருத்திக்குன்றம் கோயிலிலும் எனக்குச் சுவாமியின் பீடம்தான் தெரிகிறது, முகம் பார்த்து நாளாயிற்று.

நீ விடுப்பு எடுப்பது சுலபமில்லை. கேட்பது சரிதானா என்றும் தெரியவில்லை. ஆனாலும் எனக்கு நிமிர வேண்டும் அம்மா. நீ வந்தால் பெரியதையே செய்துகொள்கிறேன். வர முடியாவிட்டால் சின்னதும் போதும், குறையொன்றுமில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமலிருக்கத்தான் பார்த்தேன்.

அருகன் அருளால் நீங்கள் இருவரும் நோயில்லாமல் நீடு வாழவேண்டும். காதை மூடாமல் குளிரில் போகாதே. ஒன்று மட்டும் ஞாபகம் வை, வருவதானால் வெளிச்சம் இருக்கும்போதே வீடு வந்து சேரும்படி வா. சேர்ந்து சாப்பிடலாம்.

உன் அப்பா,
வ. அப்பாண்டைராஜன்