ஓடுகிற பெண்ணின் பற்கள்

அன்புள்ள மிளகுக்கு,

நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருப்பாய் என்று எழுதத்தான் ஆசை, ஆனால் உன் பல் கூச்சம் தெரிந்த பிறகு அப்படி எழுதக் கை வரவில்லை. எழுத உட்கார்ந்தால் சொல்ல வந்ததை விட்டுவிட்டு வேறு எங்கோ போய்விடுவேன் என்பது நம் வீட்டில் எல்லோரும் அறிந்தது. ஆகையால் முதலில் வரிசை:

1. அம்மாவின் கோபம்.
2. ஓடும்போது நீ குடிக்கும் பானமும், பாக்கெட்டிலிருந்து உறிஞ்சும் அந்தக் கூழும், எனக்குத் தெரிந்த அளவில்.
3. ஒவ்வொரு பாக்கெட்டுக்குப் பிறகும் உடனே பல் துலக்கு என்று போன ஞாயிறு போனில் சொன்னேனே, அதற்குக் காரணம்.
4. ஓட்டத்தை விட வேண்டுமா என்பது.

முன்பற்களின் மேல்பூச்சு தேய்ந்துகொண்டே வருகிறது, இப்படியே போனால் உறை போட வேண்டி வரும் என்று அங்கே டாக்டர் சொன்னதை நீ சொல்லிவிட்டு, சின்னக் குரலில் பேசாம ஓட்டத்தையே விட்டுடட்டுமாம்மா என்று கேட்டாயே, அதற்கு அம்மா விட்டுத் தொலை, உன்னை யாராவது துரத்துறாங்களா என்று வெடுக்கென்று சொன்னது கோபத்தில் அல்ல. போனை வைத்த பிறகு, போன பந்தயத்தில் எடுத்த உன் படத்தைக் கண்ணாடி போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். இவ வாயை மூடிக்கிட்டுச் சிரிக்கிற பொண்ணா என்று என்னைக் கேட்டாள். சின்ன அத்தைக்கு மூட்டு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வராந்தாவில் நடக்கிறாள், மிளகு ஓட்டத்தை விட்டா அவ சட்டையில குத்திக்கிற பந்தய நம்பரை எனக்கு வாங்கிக் குடுங்க என்று சொல்லச் சொன்னாள். பார், வேறு எங்கோ போய்விட்டேன்.

இரண்டாவதுக்கு வருகிறேன். குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவன் என்பதால் புளிப்பைப் பார்க்கும் காகிதம் கொஞ்சம் இன்னும் என் மேசையில் இருக்கிறது. நீ போன முறை அலமாரியில் விட்டுப்போன பானப் பொடியைக் கரைத்து அதில் நனைத்தேன், எலுமிச்சைச் சாற்றுக்கு வரும் நிறத்துக்குக் கிட்டத்தட்ட வந்தது. கூழ் அவ்வளவு புளிப்பில்லை, ஆனால் கரண்டியைக் கவிழ்த்தாலும் விழாமல் பசை மாதிரி ஒட்டிக்கொண்டு நிற்கிறது, பல்லிலும் அப்படித்தானே நிற்கும். ஓடும்போது வாயால் மூச்சு விடுகிறாய், வாய் காய்ந்துபோகிறது, கழுவிவிட எச்சில் இல்லை, அந்த நேரம் பார்த்து மடக்கு மடக்காகப் புளிப்பும் சர்க்கரையும் போகின்றன. இதில் உன் தப்பு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. அவ்வளவு தூரம் ஓடுகிற உடம்பு சர்க்கரை கேட்கத்தான் செய்யும், நீ வழியில் மயங்கி விழுவதை நான் விரும்புவேனா. கூழை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிராமல் ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு உடனே வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளி, முடிந்தால் பானத்துக்கு நடுநடுவே தண்ணீரும் குடி. நான் டாக்டர் இல்லை, அங்கே உன் டாக்டரையும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

மூன்றாவதற்குக் காரணம் எளிது, ஒட்டியிருப்பதை உடனே தேய்த்து எடுத்துவிட்டால் பல்லைத் தின்ன எதுவும் மிச்சம் இருக்காது. நீ மறுபேச்சில்லாமல் சரிப்பா என்றாய். இடுப்புப் பையில் சின்ன பிரஷ் வைத்துக்கொள்கிறேன், கூட ஓடுகிறவர்கள் என்னக்கா, குளிச்சுட்டும் ஓடுவீங்களா என்று கேலி செய்வார்கள், பரவாயில்லை என்றாய். உன் சொல்பேச்சுக் கேட்கும் குணத்தை நினைத்து மனம் நிறைந்தது.

நான்காவது, விடாதே. பயந்த சுபாவக்காரனான எனக்கு, ஊர் பேர் தெரியாத சாலையில் தனியாக ஓடுகிற பெண் பிறந்தாள் என்பதை இன்னமும் நம்ப முடிவதில்லை. பல்லுக்கு வழி தேடலாம்.

இவ்வளவுதான் எழுதுவதாக இருந்தேன். மூன்றாவதை உனக்கு நிரூபித்துக் காட்டலாம் என்று நேற்று இரண்டு பழுப்பு முட்டை ஓடுகளை உன் பானத்தில் ஊறப்போட்டிருந்தேன். இன்று காலை ஒன்றைத் தண்ணீரில் அலசினேன், அப்படியே இருந்தது. மற்றதைப் பிரஷ்ஷால் தேய்த்தேன், மேலே இருந்த நிறமே மாவாகப் பிரஷ்ஷோடு வந்துவிட்டது. பின்னால் நின்றிருந்த அம்மா, இதைத்தானே அவளைச் செய்யச் சொன்னீங்க என்றாள். ஓடு வேறு, பல் வேறு என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை. தெருமுனைப் பல் டாக்டரம்மாவிடம் போய் வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். புளிப்புப் பட்ட உடனே பல்லு இளகிப்போய் இருக்கும்யா, அப்பப் பிரஷ் போட்டா தேய்ஞ்சுதான் போகும், கொப்பளிச்சுட்டு அரை மணி, ஒரு மணி நேரம் சும்மா விடச் சொல்லுங்க என்றார். யாரு உடனே தேய்க்கச் சொன்னது என்றும் கேட்டார். நான்தான் என்று சொல்லிவிட்டேன்.

கடிதம் வந்து சேருவதற்குள் நீ மறுபடி நெடுந்தூரம் ஓடிவிடுவாய், ஓடிவிட்டுத் தேய்த்தும் விடுவாய். ஆகவே இதை ஒட்டிவிட்டு நானே போன் செய்யப் போகிறேன். நம்பரைப் போட்டுத் தருவதோடு சரி, பேச வேண்டியது நீங்கள்தான் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். போனில் நான் தடுமாறி ஏதாவது விட்டுப்போனாலும் இங்கே எழுத்தில் இருக்கட்டும்: மூன்றாவது தவறு. பிரஷ்ஷைப் பையிலிருந்து எடுத்துவிடு.

காலும் பல்லும் வெகுகாலம் உனக்குத் துணை நிற்கட்டும் என்று அம்மாவும் நானும் வாழ்த்துகிறோம்.

உன் சரிப்பாவுக்கு இன்னும் தகுதி பெறாத,
அப்பா