ஹீட் பம்ப் வைக்கும் இடம்

மகனுக்கு,

ஞாயிறன்று நீச்சல் குளத்தருகே இருந்தவர்கள் நீ, உன் மனைவி, உன் மாமனார், ஹீட்டர் கம்பெனிக்காரர், நான். "சம்பந்திக்குப் பச்சத்தண்ணின்னாலே பயம். அவர்கிட்ட எதுக்குக் கேக்கறீங்க?" என்றார் உன் மாமனார். வெளியாள் முன்னால் நீயும் சிரித்தாய்.

குளத்தைச் சூடாக்க உன் மாமனார் கேட்ட ஹீட் பம்ப்பையே வாங்கிவிட்டேன். இன்று காலை பத்து மணிக்குப் பொருத்த வருவார்கள். பின்கதவுச் சாவி மீட்டர் பெட்டியின் மேல் இருக்கிறது. இயந்திரம் வைக்கும் இடத்தைச் சாக்பீஸால் குறித்திருக்கிறேன். உன் மாமனார் தங்கியிருக்கும் அறையின் ஜன்னலுக்கு நேர் கீழே. நன்றாக இரையுமாம். குறியை அழிக்காதே.

அவருக்கு உப்புக் குறைத்த சாப்பாடு தனியாக மூடி வைத்திருக்கிறேன். உபசாரத்தில் குறை வைக்காதே. நான் வர மாலையாகும்.

பி.கு.: எனக்குப் பச்சைத் தண்ணீர் பயம் என்பது பொய். தினமும் காலை ஐந்து மணிக்கு அந்தக் குளத்தில்தான் நீந்துகிறேன். அப்போது உன் மாமனார் தூங்கிக்கொண்டிருப்பார். நாளை முதல் அந்நேரம் இயந்திரமும் ஓடும்.