பின்பக்கம் திருப்பிப் படிக்கவும்

மார்ச் 3
இன்று ஷெட்டுக்கு ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. முகப்பில் எழுத்தை இடம் வலம் மாற்றி எழுதவேண்டும். முன்னால் போகிறவர் தன் வண்டிக் கண்ணாடியில் பார்த்தால்தான் அது நேராகத் தெரியும். மற்ற பெயின்டர்கள் தாளில் வரைந்து, திருப்பி, ஒட்டி அல்லாடுவார்கள். நான் பிரஷை எடுத்தேன். டீ ஆறுவதற்குள் முடிந்தது.

அப்போதுதான் புது மேனேஜர் வந்து, ஃபோர்மேன் ஓய்வு பெறுகிறார், அந்த வேலைக்கு யார் வருகிறீர்கள் என்றார். கை தூக்கினேன்.

"உங்களுக்கு எழுதவே வராதுன்னாங்களேம்மா? பதினொண்ணாந்தேதி என் முன்னாடி உக்காந்து, விண்ணப்பத்தக் கைப்பட எழுதணும்."

பயல்கள் சிரித்தார்கள்.

மார்ச் 4
எழுத வராதாமே! இங்க ஓடுற அத்தனை ஆம்புலன்ஸ் முகப்புலயும் இருக்கிறது யார் எழுத்து?

மார்ச் 6
மூன்றாம் வகுப்பு டீச்சர் ஞாபகம். ஞாயிறு சும்மா இருந்தால் இப்படித்தான், கதை எங்கேயாவது இழுத்துக்கொண்டு போகும். போகட்டும், நோட்டு என்னுடையது. 'கெ'வில் கொம்பு முன்னால் நிற்கிறது, அதன் சத்தம் மட்டும் ஏன் பின்னால் வருகிறது என்று கேட்டேன். அடி. என் கை எழுத்தையெல்லாம் திருப்பிப் போட்டது. அதற்கும் அடி. "இவளுக்கு மண்டையத் திருப்பி வச்சிட்டாங்க" என்றார். அதோடு பள்ளிக்கூடம் முடிந்தது.

அந்தத் திரும்பின கைதான் சோறு போட்டது. முதலில் ரப்பர் ஸ்டாம்ப் கடை. அங்கே எல்லாம் திருப்பித்தான் செதுக்கவேண்டும். பிறகு அச்சாபீஸ். ஈய எழுத்துகள் எல்லாம் என்னைப் போலவே திரும்பி நின்றன. படிக்கவே அங்கேதான் வந்தது, இருபத்திரண்டு வயதில்! பிறகு கடைக் கண்ணாடிகளில் உள்பக்கமிருந்து எழுதுவது. இப்போது ஆம்புலன்ஸ் வண்டிகள். எங்கே போனாலும் முதல் நாள் ஒரே கேள்வி: "உனக்கு வருமா?"

மார்ச் 9
வீட்டுக்காரர் சொன்னார்: "நான் நேரா எழுதித் தரேன். படம் மாதிரி மனசுல ஏத்திக்கிட்டுப் போய் அப்படியே வரைஞ்சிடு."

"என் கைதானே எழுதணும்? அதுக்கு வர்ற மாதிரிதான் எழுதும்."

"நீ திருந்தவே மாட்டே."

"திரும்பினது எங்க திருந்தும்?"

மார்ச் 10
வாய் கிழியப் பேசிட்டேன். நாளைக்கு எல்லாரும் சிரிச்சா?

மார்ச் 11
மேனேஜர் மெல்லிசான தாள் ஒன்று கொடுத்தார். ஷெட்டே வேடிக்கை பார்த்தது. வலமிருந்து இடமாக, நிற்காமல், ஒரு பக்கம் எழுதி நீட்டினேன்.

"என்னம்மா இது, ஒண்ணும் புரியலையே?"

"பின்பக்கம் திருப்பி ஜன்னல்கிட்ட பிடிங்க சார்."

பிடித்தார். வெளிச்சத்தில் எழுத்து நேராக நின்றது. ஆனாலும் மை மங்கல். விரலை வைத்து, உதடு அசைய, எழுத்துக்கூட்டினார். அச்சு அசல் மூன்றாம் வகுப்பு நான். பின்னால் ஒருவன் களுக்கென்று சிரித்தான்.

"சிரிக்காதடா. சார் இப்பத்தான் படிக்கப் பழகுறாரு."

ஸ்டாம்ப் கடை, அச்சாபீஸ், கண்ணாடி, வண்டி என்று எல்லாவற்றையும் தாண்டிக் கடைசி வரிக்கு வந்தார்.

"எனக்கு... எழுத... வரும்."

"கேட்டுச்சுல்ல?" என்றேன் பயல்களைப் பார்த்து.

மேனேஜர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 19
மேனேஜர் இன்னும் முடிவு சொல்லவில்லை. சொல்லாட்டி போ. எழுதினது எழுதினதுதான்.

ஏப்ரல் 1
ஃபோர்மேன் அறைக் கண்ணாடிக் கதவில் பழைய பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டு என் பெயரை எழுதினேன். உள்ளேயிருந்து.