மாரியாயிக்கு நீட்டாத வெற்றிலை

மாசி 3, திங்கள்

விடியலில் மழை. ரப்பர் மரத்தில் பால் வெட்டு இல்லை. சுங்காயிலிருந்து மகள் கடிதம். மூத்த பேரன் ஈப்போ இங்கிலீஷ் பள்ளியில் வகுப்பில் முதல். அடுத்தவன் சிலிபின் தையற்கடையில் இப்போது கோட்டே வெட்டுகிறானாம். பேத்தி ஐந்தாவது பாஸ். நான் நின்ற இடம் அது, அவள் தாண்டிவிட்டாள். கைக்குழந்தைக்குப் பல் முளைத்திருக்கிறது. நம் வீட்டுப் பிள்ளைகள் எதிலும் சோடை போகாது. பங்குனியில் வரச் சொல்கிறாள்.

உப்பு தீர்ந்தது. சீயக்காய் இடிக்க வேண்டும்.

மாசி 4, செவ்வாய்

வெயில். பெரிய கங்காணிக்குப் புத்தி கெட்டுவிட்டது. லயத்துப் பக்கம் இருக்கும் ஆயாக் கொட்டகையைக் கள்ளுக்கடை ஓரத்துக்கு மாற்றுகிறானாம். இந்த இடம் அவன் மாடுகளுக்கு. கொட்டகை, பால் வெட்டப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகிற இடம். குடிகாரன் காலடியில் தொட்டிலா?

பஞ்சாயத்தில் எல்லாரும் அவன் ஆட்கள். பெண் பேசக் கூடாது, அவளுக்காகப் புருஷன் பேச வேண்டும். மாரியாயி புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். கைப்பிள்ளைக்காரி. அவளுக்கு யார் பேசுவது?

என் மகன் இங்கே ஆபீசில் கணக்கு எழுதும் சின்னக் கிராணி. கேட்டேன். தோட்டத்து விஷயம் உங்களுக்கு எதுக்கு என்கிறான். இவனை மரக்கிளையில் தூளி கட்டிப் போட்டுக் களை எடுத்தவள் நான்.

மாசி 7, வெள்ளி

புழுக்கம். கூலிகள் குறை கேட்கும் இந்தியா சர்க்கார் ஏஜெண்டு தோட்டம் பார்க்க வருகிறாராம். பெண்களைக் கேட்டீர்களா என்று விசாரிப்பாராம். அதனால் பெண்கள் சம்மதமும் வேண்டும் என்று துரை சொல்லிவிட்டார்.

கங்காணி வழி கண்டுபிடித்துவிட்டான். பஞ்சாயத்தில் முடிவு சொன்னதும் வெற்றிலைத் தட்டு சுற்றி வரும். எடுத்தவன் சம்மதித்தவன். ஞாயிறன்று அந்தத் தட்டைப் பெண்களுக்கும் நீட்டப் போகிறான். பேசாமல் எடுக்கச் சொல்லி வீட்டுக்கு வீடு புருஷன்மார் மிரட்டல். துப்புக் கெட்ட பயல்கள். கங்காணிக்குக் கீழே வேலை வாங்கும் மண்டோர் பெண்சாதி செல்லம்மா நேராகவே சொன்னாள், எடுக்கத்தான் போகிறாளாம், அடி வாங்க உடம்பில் தெம்பில்லையாம்.

இடுப்பு வலி. நல்லெண்ணெய் தேய்த்தேன்.

மாசி 9, ஞாயிறு

கோயில் கொட்டகை. துரை நாற்காலியில். பெண்கள் முதல் தடவையாக உள்ளே, தரையில். ஆண்கள் அத்தனை பேரும் வெற்றிலை எடுத்தார்கள், என் மகன் உட்பட.

பிறகு எங்கள் பக்கம். முதலில் எனக்கு. வேண்டாம் என்றேன். ஆத்தாளுக்குப் பல்லு போச்சு என்றான் கங்காணி. ஆண்கள் சிரிப்பு. அவனைக் கடிக்கும் அளவுக்குப் பல் இருக்கிறது.

அடுத்து மாரியாயி. தட்டு அவளைத் தாண்டிச் செல்லம்மாவுக்குப் போனது.

“எனக்கு நீட்டலிங்களே” என்றாள் மாரியாயி.

“தாலியறுத்தவளுக்குச் சபையில வெத்தல கெடையாது.”

நானும் அறுத்தவள்தான். கிராணிக்குத் தாயார் என்றால் அது கண்ணுக்குத் தெரியாது போலிருக்கிறது.

“எம்புள்ளையும் அந்தக் கொட்டகையிலதானே கெடக்குது.” மெதுவாகத்தான் சொன்னாள்.

வெற்றிலைக்குப் போன செல்லம்மா கை மடிக்குத் திரும்பியது. “அவளுக்கு இல்லாத வெத்தல எனக்கும் வேணாம்ணே.” மண்டோர் முறைத்தான். அடுத்தவளும் எடுக்கவில்லை. அதற்கடுத்தவளும். தட்டு அப்படியே திரும்பி வந்தது.

பொம்பளை எடுக்காதது செல்லாது என்று கங்காணி கத்தினான். அப்ப எதுக்கு நீட்டுனீங்க என்று பின்னாலிருந்து ஒரு குரல். துரைக்கு ஏஜெண்டு பயம். அவர் வந்து போகும்வரை கொட்டகை இருந்த இடத்தில் இருக்கட்டும் என்று எழுந்து போனார்.

மாசி 10, திங்கள்

வானம் மப்பு. காலைப் பெரட்டில் பேர் கூப்பிட்டு வேலை பிரித்தபோது மாரியாயிக்கு மேட்டுக்காடு, பால் வற்றிய கிழட்டு மரங்கள், கூலி தேறாது. செல்லம்மா கன்னம் வீங்கியிருக்கிறது. ஏஜெண்டு போனதும் மறுபடி தட்டு வருமாம். வரட்டும், முன்வரிசையில் மாரியாயிதான் என்று குழாயடியில் பெண்கள் பேச்சு.

மகன் சாப்பிடாமல் எழுந்தான். “எனக்கு வேல போயிரும்மா. இப்பவே அக்கா வீட்டுக்குப் போயிருங்க” என்கிறான். போனால் கங்காணிக்குத்தான் கொண்டாட்டம். நான் பக்கத்தில் இருந்தால் மாரியாயிமேல் கை வைக்க யோசிப்பான். போக மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மகளுக்கு எழுத வேண்டியது: பங்குனிக்கு வரவில்லை. இங்கே வேலை இருக்கிறது. பிள்ளைகள் எல்லாரையும் நிற்க வைத்து, கைக்குழந்தை பல் தெரிய, புதிதாக ஒரு போட்டோ எடுத்துத் தபாலில் அனுப்பு.