கூரையைத் துளைத்த ஹைதாங்

யேனான்
மார்ச் 6, 1993

அன்புள்ள அக்கா,

இங்கே எல்லோரும் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா? நம் முற்றத்து ஹைதாங் மரம் மொட்டு விட்டதா? அந்தக் குட்டி ஆப்பிளைத் தின்னலாமா என்று யான்நிங் கேட்டாள். வாய் கோணிப்போகும், அது பூவுக்காக வளர்ப்பது என்றேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்தக் காலத்தில் என்னைப்போல் நகரத்திலிருந்து கிராமத்துக்கு அனுப்பப்பட்டவர்களின் பிள்ளைகள், பதினாறு வயதானால் பெய்ஜிங் திரும்பலாமாம். அங்குள்ள சொந்தக்காரர் சம்மதித்தால் குடியிருப்புப் பதிவில் பெயர் சேர்ப்பார்கள். எனக்கு இனி வழியில்லை. என் மகள் யான்நிங்குக்காவது கிடைக்கட்டும். ஒரு மூலை போதும்.

உன் தங்கை
பெய்ச்சி

பெய்ஜிங்
ஏப்ரல் 20, 1993

என் செல்லத் தங்கைக்கு,

பூத்துவிட்டது. முற்றத்தில் ஆளாளுக்கு இடம் பிடித்துச் சமையலறை கட்டுகிறார்கள். நாங்களும் கட்டினோம். மரம் நடுவே வந்தது. வெட்டத்தான் வேண்டும் என்றார் கொத்தனார். "அப்பா வச்ச மரம். கை வச்சுத்தான் பாரேன்" என்று குறுக்கே நின்றேன். கூரையில் ஓட்டை விட்டுக் கட்டினார்கள். அடுப்புப் பக்கத்தில் அடிமரம், ஓட்டுக்கு மேலே பூ. மழை வந்தால் மரத்தோடு தண்ணீர் இறங்குகிறது, பேசின் வைத்திருக்கிறேன். தெருவே வந்து வேடிக்கை பார்க்கிறது.

யான்நிங்குக்கு இடம் எங்கே இருக்கிறது, நீயே சொல். பெயர் ஏறிவிட்டால், நாளைக்கு வீட்டை இடித்து மாற்றுவீடு தரும்போது அவளும் பங்கு கேட்பாள் என்று உன் அத்தான் பயப்படுகிறார். நான் என்ன செய்வேன்? கோடை விடுமுறைக்கு அனுப்பு, ஆசையாக வைத்துக்கொள்கிறேன்.

பெய்லான்

யேனான்
ஆகஸ்ட் 25, 1993

அக்கா,

யான்நிங் வந்துசேர்ந்தாள். நன்றாகச் சமைத்துப் போட்டாயாம். அவள் துணிகளை எடுத்து அடுக்கியபோது அத்தான் சிரித்துக்கொண்டே, "பெட்டியிலயே இருக்கட்டும் கண்ணு. இங்கயே வேர் விட்டுடாதே" என்றாராம். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு நின்றாயாம்.

என்னிடம் ஒன்றுதான் கேட்டாள். "ஏம்மா, மரத்துக்கு மட்டும் எப்படி இடம் கிடைச்சுது?"

வீட்டுக்கு ஒருவர் கிராமத்துக்குப் போக வேண்டும் என்றபோது உன் பெயர்தான் வந்தது. நீ அழுதாய். நான் பெட்டி கட்டினேன். எனக்குப் பதினேழு வயது. இத்தனை வருஷத்தில் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. இப்போது சொல்கிறேன்.

பெய்ச்சி

பெய்ஜிங்
ஏப்ரல் 17, 1994

பெய்ச்சி,

இத்தனை மாதமாக ஒரு வரிகூட இல்லை. புத்தாண்டுக்கு அனுப்பிய எள் மிட்டாய் கிடைத்ததா?

அடுப்புச் சூட்டில் மரம் ஒரு பக்கம் காய்ந்துவிட்டது. இந்த வருஷம் நாலைந்து கொத்துதான் பூத்தது. வெட்டிவிடலாம் என்கிறார் அத்தான். எனக்கு மனசு வரவில்லை. வெட்டக் கூடாது என்று நீ ஒரு வார்த்தை எழுது. தங்கையும் சொல்கிறாள் என்று அவரிடம் சண்டை போடுவேன். நம் அப்பாவுக்காக எழுது.

அக்கா

யேனான்
ஏப்ரல் 29, 1994

மதிப்பிற்குரிய பெய்லான் அவர்களுக்கு,

மிட்டாய் கிடைத்தது. நன்றி.

மரத்தை வெட்டச் சொல்லுங்கள். அந்த இடத்தில் ஒரு கட்டில் போடலாம்.

இப்படிக்கு,
சென் பெய்ச்சி