பில்டர் சண்டையில் நான் வென்றுவிட்டேன், ராத்தா

என் பாசத்துக்குரிய ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முதலில் சந்தோஷமான செய்தி, அடக்கிவைக்க முடியவில்லை. நமது பில்டர் சண்டையில் நான் வென்றுவிட்டேன். நீங்கள் இல்லாத நேரம் பார்த்து வென்றதுதான் கொஞ்சம் கள்ள ஆட்டம்.

கல்முனையில் நாம் இருவரும் சேர்ந்து முதல் கமரா வாங்கிய நாள் நினைவிருக்கிறதா? ஒழுங்காக ஒரு படம் எடுக்கத் தெரியாது. ஆனால் லென்ஸின் முகத்தில் பில்டர் என்ற காப்புக் கண்ணாடி ஒன்று திருகித் தரவா என்று கடைக்காரர் கேட்டதும் வாக்குவாதம் தொடங்கிவிட்டது.

"நாம இப்பதான் பழகிற ஆக்கள். கைதவறி எங்கயும் இடிச்சா லென்ஸே போயிரும் புள்ள" என்றீர்கள்.

"நல்ல லென்ஸுக்கு முன்னுக்கு மலிவுக் கண்ணாடியப் போட்டா மறுகா படம் என்னத்துக்காகும்?" என்றேன்.

மூத்த சகோதரியின் சொல்லே நின்றது. நீங்களே திருகி இறுக்கினீர்கள்.

கலியாணங்களில் பெண்கள் பகுதிக்குப் பெண்கள்தான் படமெடுக்க வேண்டும் என்பதால் நம் தொழில் நன்றாகவே ஓடியது. நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போன பிறகு, "இவளுக்குத் தனிய ஏலுமா?" என்று குடும்பத்துக்குள்ளேயே கதைத்தார்கள். எனக்கும் அதே சந்தேகம்தான். சம்மாந்துறையில் ஒரு கலியாணம் வந்தது. இதில் சறுக்கினால் தொழிலையே விட்டுவிடுவது என்று தீர்மானித்துக்கொண்டுதான் போனேன்.

மணப்பெண்ணை மேடையில் இருத்தி, சுற்றிவரக் குட்டி பல்புச் சரங்களை எரியவிட்டிருந்தார்கள். எடுத்த படத்தைப் பார்த்தால் அவள் கன்னத்தில் பச்சைப் புள்ளிகள் மிதக்கின்றன. இன்னொன்று எடுத்தேன். இப்போது ஒன்று நடு நெற்றிக்கு ஏறியிருந்தது. பெண்ணின் தாய் என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தார்.

"என்ன மகள், எங்கட புள்ளைக்குப் பொட்டு வெச்சிரிக்கீங்க?"

எல்லாரும் சிரித்தார்கள். பல்பு வெளிச்சம் உங்கள் கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் இடையில் தெறித்துச் செய்த வேலை அது. கழற்றப் போனால் அசையவில்லை. நீங்கள் கடைசியாக இறுக்கியதைக் கழற்ற எனக்கு மனமும் இல்லை. அத்தனை பேருக்கு முன்னால் கண் கலங்கி நின்றேன். பெண்ணின் மாமி ஒருவர் என் கையைப் பார்த்துவிட்டு, தன் முடியில் இருந்த ரப்பர் பட்டியை உருவித் தந்தார்.

"இஞ்சகா, இத சுத்திப் போட்டுத் திருகுங்க. இறுகின போத்தல் மூடிய நான் இப்பிடித்தான் திறக்கிற."

கழன்றது, ராத்தா. அடுத்த படத்தில் அந்தப் பிள்ளையின் இமைமுடிகூடத் தனித்தனியாகத் தெரிந்தது. தாய் பார்த்து "மாஷா அல்லாஹ்" என்றார். இளைய மகளின் கலியாணத்துக்கும் படமெடுக்க அங்கேயே என்னைப் பேசி வைத்துவிட்டார். ஏலுமா என்று கேட்ட நம் சொந்தங்கள் இப்போது, எனக்கு எந்த நாள் வசதி என்று கேட்டுவிட்டுத்தான் கலியாணத் திகதியே வைக்கிறார்கள். தலைகால் புரியவில்லை எனக்கு.

கோபிக்காதீர்கள், உங்களுக்கும் ஒரு வெற்றி இருக்கிறது. மருதமுனைக் கைத்தறிச் சாரிகளைக் கடற்கரையில் வைத்துப் படமெடுக்கக் கேட்டார்கள். கிளம்பும்போது கண்ணாடியை நானே மறுபடி திருகிக்கொண்டேன். காற்று மணலையும் உப்புத் தண்ணீரையும் அள்ளி அடித்தது. வீட்டுக்கு வந்து துடைத்தபோது கண்ணாடியில் நீளமாக ஒரு கீறல். லென்ஸுக்கு ஒன்றும் இல்லை. அன்று நீங்கள் பக்கத்தில் இருந்திருந்தால் எனக்கு ஒரு கிழமைக்கு நிம்மதி இருந்திருக்காது.

இப்போது புதிதாகக் கமரா வாங்கிய பெண்பிள்ளைகள் சிலர் என்னிடம் பழக வருகிறார்கள். வந்ததும் அவர்கள் கேட்பது, பில்டர் போடத்தான் வேண்டுமா என்றுதான். கலியாணக் கதையைச் சொன்னதும் எல்லாரும் என் பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். எதிர்த்துக் கதைக்க நீங்கள் இல்லாமல் வென்று நான் என்ன செய்ய?

அல்லாஹ் உங்கள் கப்றுக் குழியை வெளிச்சமாக்கி வைக்கட்டும். ஒரு வாக்குத் தருகிறேன். இனி யார் வந்து பில்டர் வேண்டாம் என்றாலும், உங்கள் கட்சியை நான் எடுத்துக் கதைப்பேன். இந்தச் சண்டையில் உங்களைத் தோற்க விடமாட்டேன்.

உங்களோடு மல்லுக்கட்டியே வளர்ந்த தங்கச்சி