கழுவிய யோகட் கோப்பை

பெப்ரவரி 9
எங்கள் பிரதேச சபை இன்று வரலாற்றில் இடம்பெறத்தக்க முடிவொன்றை எடுத்தது. யோகட் கோப்பைகளைக் கழுவிய பிறகே மீள்சுழற்சிக்குக் கொடுக்க வேண்டும். விவாதம் இரண்டு மணித்தியாலம். மூடியையும் கழுவுவதா என்பது அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

காரணம் எளிது. டீசல் விலை ஏறி, குப்பை ஏற்றும் செலவு கூடிவிட்டது. அழுக்குப் பிளாஸ்டிக்குக்கு மீள்சுழற்சிக் கம்பனி பாதி விலைதான் தருகிறது. சபையின் எழுதுவினைஞன் என்ற வகையில் அறிவித்தலை நான் தட்டச்சு செய்தேன்.

வீட்டில் மனைவி கைரியாவிடம் சொன்னேன். "கழுவுறது ஆரு? சபையா, நானா?" என்றாள். கூட்டத்தில் எவரும் எழுப்பாத கேள்வி.

பெப்ரவரி 17
ஹந்தானைத் தோட்டத் தொழிலாளர் லயங்களில் குழாய் வற்றிவிட்டது. தண்ணீர் பவுசரை இழுப்பதும் குப்பைப் பெட்டியை இழுப்பதும் சபையின் ஒரே டிரக்டர். சாரதி அந்தோனி ஜன்னலடியில் நின்று சொன்னார்: "தண்ணி கொண்டு போனா குப்ப எடுக்க முடியாது சேர். குப்ப எடுக்கப் போனா, கோப்பய கழுவ தண்ணி எங்கன்னு ஏசுறாங்க."

பெப்ரவரி 24
நோன்பு. தண்ணீரைப் பற்றிய கூட்டத்தில் வறண்ட வாயோடு குறிப்பெடுத்தேன். சபைத் தவிசாளர் தீர்வு கண்டார்: மக்கள் கழுவ வேண்டாம், தரம்பிரிக்கும் நிலையத்திலேயே கழுவலாம். அதற்கென ஆறு மாத ஒப்பந்தத்தில் வாடகை பவுசர். லயங்களுக்கு? அது தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாம்.

மார்ச் 3
நிலையத்துக்குப் போனேன். அங்கே பிளாஸ்டிக் தரம்பிரிப்பவர் மரியகொறற்றி. ஹந்தானை லயத்துக்காரர், நாட்சம்பளம். இந்த வருடம் நிரந்தரமாவீர்கள் என்று மூன்று வருடமாக நான்தான் சொல்லி வருகிறேன்.

"எங்களுக்குக் குடிக்கவே தண்ணி இல்ல சேர். இங்க யோகட் கோப்பைக்கு ஒரு பவுசர். குடுத்து வச்ச கோப்ப" என்று சிரித்தார். ஒரு வாளி கொண்டுபோகலாமா என்று கேட்டார். தீர்மானத்தில் அதற்கு இடமில்லை என்றேன்.

"அப்ப கொஞ்சம் அந்தப் பக்கம் பாருங்க சேர்."

மதிலைப் பார்த்தேன். நல்ல மதில்.

மார்ச் 11
கழுவும் செலவு, கழுவிய பிளாஸ்டிக்கின் விலையைத் தாண்டிவிட்டது. செலவைக் குறைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒருமனதாகக் கவலைப்பட்டனர். "பவுசரை நிறுத்தலாமே" என்றேன். குறிப்பெடுக்க வந்தவன் வாய் திறந்ததால் கதிரைகள் திரும்பின. பவுசருக்கு ஒப்பந்தம் இருக்கிறதே என்று தவிசாளர் பொறுமையாக விளக்கினார். ஒப்பந்தம் இல்லாதவர்களைத்தான் நிறுத்த முடியும்.

மார்ச் 13
மரியகொறற்றியிடம் சொல்லும் வேலையும் எனக்கே. கையைத் துடைத்துக்கொண்டு கேட்டார்:

"நாளைலேருந்தேவா சேர்?"

ஆமாம் என்றேன்.

"வேல இல்லங்கிறதாச்சும் நிரந்தரமா?"

மூணு வருசம் — நான் ஏன் சொல்லிக்கொண்டே இருந்தேன்?

மார்ச் 14
எழுத ஒன்றுமில்லை.

மார்ச் 25
ஒப்பந்தப்படி பவுசர் இன்று நிலையத்துக்கு வந்தது. தரம்பிரிக்க ஆளில்லாமல் கதவு பூட்டியிருந்ததால் தண்ணீரை வடிகானில் திறந்துவிட்டு, என்னிடம் கையொப்பம் வாங்கிச் சென்றார்கள்.